பாளையங்கோட்டையில் ஒரு குடல் கிளினிக்: மூன்று முறை போய் வந்தவனின் மதிப்பீடு

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மாவுக்கு ஐந்துக்கு ஐந்து. கிளினிக்குக்கு மூன்று. கீழே இருக்கும் மருந்துக்கடைக்கு ஒன்று, அதுவும் அந்தப் பையன் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்ததற்காக. குறையும் சேர்த்து எழுதுவதால் பெயரைப் போடவில்லை. பாளையங்கோட்டை, முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். 1988 முதல் 2019 வரை 31 ஆண்டுகள் டிக்கெட் கிழித்தேன். அதில் பாதிக்கு மேல் திருநெல்வேலி – பாபநாசம் தடம். மலச்சிக்கல் எந்த வருடம் ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆசனவாயில் வெடிப்பு வந்து, கண்டக்டர் இருக்கை காலியாக இருந்தும் பாபநாசம் வரை நின்றுகொண்டே போன வருடம் தெரியும், 2011. அதற்கும் முன்பே வாரத்துக்கு இரண்டு முறைதான் வெளிக்குப் போவேன். போனாலும் அரைமணி நேர முக்கல். எழுந்து வந்த பிறகும் பாதி உள்ளேயே தங்கிவிட்டது போல ஒரு உறுத்தல்.

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுவதும் இதற்கென்றே ஒதுக்கியது. விளக்கெண்ணெய், கடுக்காய்ப் பொடி, திரிபலா, இசப்கோல் உமி, தித்திப்பான ஒரு பாகு மருந்து என்று வரிசையாக நிற்கும். கடைசியில் வந்து நிலைத்தது நிலாவாரைப் பொடி. ஒன்பது வருடம், இரவு ஒரு கரண்டி. பிறகு ஒன்றரை. பிறகு இரண்டு.

நிலாவாரையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்ச் சரக்கு. உலக மருந்து நூல்களில் அதன் வணிகப் பெயரே ‘டின்னவெல்லி சென்னா’. தூத்துக்குடி 1986இல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பிருந்தே அந்தப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைந்து, காய்ந்து, மூட்டையாகக் கப்பல் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு அல்வா நினைவுக்கு வருகிறது. கடல் தாண்டி நம் பெயர் போனது பேதி மருந்தின் மேல்தான். இரவில் சாப்பிட்டால் பெருங்குடலைத் தூண்டி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். எனக்கு முதல் இரண்டு வருடம் முடித்தது. பிறகு வயிற்றை முறுக்கியது மட்டும் மிச்சம்.

வீரவநல்லூரில் இருக்கும் என் மைத்துனர்தான் இந்த டாக்டரம்மாவைச் சொன்னார். காலை ஏழு மணிக்கு டோக்கனுக்குப் போன் செய்ய வேண்டும். ஏழு ஐந்துக்குச் செய்தால் முப்பதாவது டோக்கன். என்னுடையது 27. மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள். உள்ளே போனது எட்டு நாற்பதுக்கு. இருபது நாற்காலிக்கு நாற்பது பேர். பெரியவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். நேரம் பிரித்துக் கொடுக்கத் தெரியாதவர்கள் டோக்கன் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். “டாக்டரம்மா ஒருவரை விட்டு வெளியே வந்தால்தானே அண்ணாச்சி” என்றாள். அந்தப் பதிலின் அர்த்தம் உள்ளே போன பிறகுதான் விளங்கியது.

காத்திருக்கும் கூடத்தில் டிவி இல்லை. அதற்குப் பதில் சுவரில் ஒரு படம். மலம் எப்படி எப்படி இருக்கும் என்று ஏழு வகை வரைந்திருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊர் மருத்துவர்கள் 1997இல் வெளியிட்ட அட்டவணையாம். முதல் வகை ஆட்டுப் புழுக்கை, ஏழாவது வெறும் தண்ணீர். மூன்றும் நான்கும் நல்லவை. முதல் இரண்டும் எங்களைப் போன்றவர்களுக்கு. நாற்பது பேரும் அந்தச் சுவரைத் தவிர மற்ற மூன்று சுவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குழந்தை மட்டும் இரண்டாவது படத்தைக் காட்டி, “அம்மா, கடலை உருண்டை” என்றது. அதற்கப்புறம் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டோம்.

பேசினால் தெரிகிறது, ஒரே வியாதிக்கு எத்தனை வாசல் என்று. எனக்குப் பக்கத்தில் முக்கூடலிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. காலையிலிருந்து இரவு வரை தட்டு மடியில், பீடி சுற்றுகிற வேலை. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை என்றார். எதிரே இருந்தவருக்கு இருபது வருடச் சர்க்கரை. காலில் நரம்பு மரத்தது போலக் குடலுக்குப் போகும் நரம்பும் தளர்ந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெரியவருக்குக் கை நடுக்க வாதம். நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல் வந்துவிட்டதாம், அந்த நோயில் அப்படியும் உண்டாம். ஒரு இளம்பெண்ணுக்குத் தைராய்டு குறைவு. கடலை உருண்டை சொன்ன குழந்தைக்கு ஏழு வயது. ஒரு முறை வலித்ததிலிருந்து பயந்து அடக்குகிறது, அடக்குவதால் இறுகுகிறது, இறுகுவதால் மறுபடி வலிக்கிறது. பஸ்ஸில் 31 வருடம் நின்றவனிடம் யாரும் எதையும் சொல்லிவிடுவார்கள்.

கழிப்பறையைப் பற்றியும் எழுத வேண்டும். குடல் டாக்டரின் கிளினிக்கில் கழிப்பறையைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? சுத்தம் பரவாயில்லை. ஆனால் ஒன்றே ஒன்று, அதுவும் மேலைநாட்டு மாதிரி, தாழ்ப்பாள் பாதிதான் விழுகிறது. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்காருபவனுக்கு என்ன வரும்? இதற்காகவே ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

உள்ளே போனேன். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். “என்ன செய்கிறது?” என்று கேட்கவில்லை. “என்ன வேலை பார்த்தீர்கள் ஐயா?” என்று கேட்டார். சொன்னேன். “முதல் டிரிப் எத்தனை மணிக்கு?” என்றார்.

அந்தக் கேள்வியை அதுவரை எந்த டாக்டரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நாலு ஐம்பதுக்கு வண்டி எடுக்க வேண்டும். மூன்றரைக்கு எழுந்து, குளித்து, நாலு மணிக்கு வீட்டில் ஒரு காபியும் இரண்டு பிஸ்கட்டும். சரியாகச் சேரன்மகாதேவி நெருங்கும்போது வயிறு கூப்பிடும். அங்கே நிற்பது இரண்டு நிமிடம். அடக்கிக்கொள்வேன். வீரவநல்லூர் தாண்டுவதற்குள் அந்த உணர்ச்சியே இருக்காது. “சேரன்மகாதேவியில் ஏறி வீரவநல்லூரில் இறங்கிவிடும் அம்மா, பாஸ் வைத்திருக்கிற ஆள் மாதிரி, தினமும்” என்றேன். அவர் சிரித்துவிட்டு, அதையே எழுதிக்கொண்டார்.

பிறகு விளக்கினார். வயிற்றுக்குள் ஏதாவது போனவுடன் பெருங்குடல் அசைந்து கொடுக்கும். காலை நேரத்தில் அது பலமாக இருக்கும். காபி குடித்தாலும் வரும். அதுதான் இயற்கை கொடுக்கும் மணி. அந்த மணியை அலட்சியப்படுத்தினால் மலம் மேலே தங்கும், குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கல்லாகும். வருடக்கணக்கில் இப்படிச் செய்தால் மலக்குடல் விரிந்து கொடுத்துப் பழகி, மணி அடிப்பதே மங்கிவிடும்.

அடுத்தது தண்ணீர். டூட்டியில் எவ்வளவு குடிப்பீர்கள்? குறைவாகத்தான். குடித்தால் இறங்கிப் போக வேண்டும், வழியில் உள்ள இடங்களின் நிலையை இங்கே எழுதப் போவதில்லை, சாப்பிட்டுவிட்டுப் படிப்பவர்களும் இருப்பீர்கள். சாப்பாடு? இரவு டிப்போவுக்குப் பக்கத்தில் நாலு பரோட்டா, சால்னா. மதியம் சோறு, வெஞ்சனம் பேருக்கு. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டுமாம். நாலு பரோட்டாவைப் பிழிந்தாலும் அது வராது. எங்கள் அம்மா தை மாதம் அவித்துக் கொடுத்த பனங்கிழங்கை, நார் பல்லில் மாட்டுகிறது என்று குறை சொல்லித் தின்றது அப்போது நினைவுக்கு வந்தது.

இது வரைக்கும் வேறு டாக்டர்களும் சொல்லக்கூடியதுதான். ஐந்துக்கு ஐந்து கொடுத்தது அடுத்து நடந்ததற்காக. “மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்” என்றார்.

மஞ்சள் பையைக் கவிழ்த்தேன். மேசை மேல் அட்டை அட்டையாக விழுந்தது. சீட்டுக்கட்டைப் பிரிப்பது போல ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு குவியலாக வைத்தார். இடது பக்கம் மலச்சிக்கலை உண்டாக்கக்கூடியவை, வலது பக்கம் மற்றவை. இடது பக்கம் நாலு அட்டை. ஒன்று, கழுத்து நரம்பு வலிக்கு இரவில் போடும் அமிட்ரிப்டிலின். குடல் அசைவைக் குறைக்கும். இன்னொன்று, யாரோ மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்து நான் இரண்டு வருடமாகத் தின்றுகொண்டிருந்த கால்சியம். மூன்றாவது நெஞ்செரிச்சலுக்கு மெல்லும் அலுமினியம் கலந்த மாத்திரை. நாலாவது ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின். அதைச் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு வலது பக்கம் மாற்றினார். “இதுவும் சிலருக்குச் செய்யும். ஆனால் உங்கள் அழுத்தம் இதில்தான் கட்டுக்குள் இருக்கிறது, இதைத் தொட வேண்டாம்.” கால்சியத்தை அன்றே நிறுத்தச் சொன்னார். நரம்பு மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, எழுதிக் கொடுத்த டாக்டருக்கு ஒரு கடிதம் தந்தார். அவர் மாற்றிக் கொடுத்தார்.

ஒரு பக்கம் காசு கொடுத்து அடைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் காசு கொடுத்துத் திறக்கப் பார்த்திருக்கிறேன். இரண்டு பில்லும் ஒரே கடையில்.

பிறகு விரல் பரிசோதனை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டால் இந்த மதிப்பீட்டுக்கே அர்த்தம் இல்லை. ஆண் செவிலியர் ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, திரை போட்டு, என்ன செய்யப் போகிறார் என்பதைச் சொல்லிவிட்டுச் செய்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “வெளிக்குப் போவது போல முக்குங்கள்” என்றார். முக்கினேன். “இப்போது இறுக்குங்கள்” என்றார். இறுக்கினேன். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. அவர் விரலுக்குத் தெரியவில்லையாம். முக்கும்போது தளர வேண்டிய தசை எனக்கு இறுகுகிறது. 31 வருடம் உணர்ச்சி வந்தவுடன் இறுக்கிப் பழகியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

அப்போதுதான் இன்னொரு புதிரும் விடுபட்டது. இசப்கோல் உமி ஊருக்கெல்லாம் நல்லது, எனக்கு மட்டும் வயிற்றை உப்ப வைத்தது ஏன்? கதவு திறக்காத வண்டியில் பின்படி வழியாக ஆளை ஏற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? உமியின் மேல் குற்றமில்லை. போதாததற்கு அதைக் கால் டம்ளர் தண்ணீரில் விழுங்கிவந்தேன். முழு டம்ளர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைக்கும்.

இரண்டாவது தடவை ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு போனேன். தைராய்டு, சர்க்கரை, கால்சியம், ரத்த அளவு எல்லாம் சரி. வயது 64, இதுவரை குடலை யாரும் பார்த்ததில்லை என்பதால் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றார். ஐம்பதுக்கு மேல் புதிதாக மலப்போக்கு மாறினாலோ, ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, குடும்பத்தில் குடல் புற்று இருந்தாலோ தள்ளிப்போடக் கூடாதாம். எனக்கு வெடிப்பு வந்த காலத்தில் ரத்தம் போனதைச் சொன்னேன். “அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னார். முந்தின நாள் குடிக்கக் கொடுத்த மருந்துத் தண்ணீரைப் பற்றி விரிவாக எழுத ஆசைதான். வேண்டாம். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு என்று நினைத்துக்கொண்டு குடித்தேன், அது ஒத்துழைக்கவில்லை.

திரையில் காட்டினார். குடலின் உட்சுவர் இளஞ்சிவப்பாக இருக்கும் என்றார். என்னுடையது சாரைப்பாம்புத் தோல் போலக் கருப்பும் பழுப்புமாகப் பின்னல் போட்டிருந்தது. எனக்குக் கை கால் உதறிவிட்டது. “ஒன்றுமில்லை ஐயா, இது நிலாவாரைச் சாயம்” என்றார். அந்த வகை மருந்தை நெடுநாள் சாப்பிட்டால் குடலில் இப்படி நிறம் படியுமாம். கெடுதல் இல்லை, நிறுத்தினால் மாதக்கணக்கில் தானாக வெளுத்துவிடும். கட்டி, அடைப்பு எதுவும் இல்லை. நிலாவாரையைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நல்ல மருந்துதான், சில நாளைக்கு. காரணத்தைத் தேடாமல் ஒன்பது வருடம் தின்றதுதான் தவறு என்றார். நம் ஊர்ச் சரக்கின் மானம் தப்பித்தது.

இப்போது என்ன செய்கிறேன்? பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற தூள், 17 கிராம், இரவு ஒரு டம்ளர் தண்ணீரில். அது குடலைத் தூண்டுவதில்லை, தண்ணீரைப் பிடித்து வைத்து இளக்குகிறது, அவ்வளவுதான். காலை டிபன் முடிந்து இருபது நிமிடத்தில், வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்கார வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது. செல்போன் கூடாது. மகன் கட்டிய வீட்டில் மேலைநாட்டுக் கழிப்பறை என்பதால் காலுக்கடியில் ஒரு முக்காலி. முழங்கால் இடுப்புக்கு மேலே வந்தால் உள்ளே வளைந்திருக்கும் பாதை நேராகிறதாம், குத்தவைத்து உட்காருவது போல. வண்ணார்பேட்டையில் பிளாஸ்டிக் முக்காலி 180 ரூபாய்க்கு வாங்கினேன். மூச்சை அடக்கி முக்காமல், வயிற்றை உப்பவிட்டுக் கீழே தளர்த்தும் பயிற்சியை ஒரு பெண் பதினைந்து நிமிடம் சொல்லித் தந்தாள். இதையே கருவி வைத்துத் திரையில் பார்த்துப் பழகும் சிகிச்சை உண்டு. அந்தக் கருவி இவர்களிடம் இல்லை. மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் வெளியூருக்கு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பத்து வாரம் ஆகிறது. டிரிப் ஷீட் எழுதிப் பழகிய கை, அதனால் ஒரு நோட்டில் தேதி, நேரம், அட்டவணையில் எத்தனையாவது வகை என்று குறித்து வருகிறேன். முதல் மூன்று வாரம் கிட்டத்தட்ட மாற்றமில்லை. மனைவி, “இதற்காகவா 600 ரூபாய்?” என்று கேட்டாள். இப்போது வாரத்துக்கு நாலு, ஐந்து. பெரும்பாலும் மூன்றாம் வகை. தினமும் போகாவிட்டால் வியாதி என்று நினைத்திருந்தேன். நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எதுவும் இயல்புதானாம், சிரமம் இல்லாவிட்டால். கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போன நாலு நாளும் பழைய கதை. முக்காலியை ரயிலில் எடுத்துப் போகக் கூச்சப்பட்டுவிட்டேன்.

செலவு: முதல் முறை 600, ஒரு மாதத்துக்குள் மறுபடி போனால் 300. கீழே மருந்துக்கடையில், சீட்டில் இல்லாத ஒரு நார்ச்சத்து டப்பாவை 740 ரூபாய்க்குத் தலையில் கட்டப் பார்த்தார்கள். “டாக்டரம்மா எழுதியதா?” என்று கேட்டேன். “எல்லோரும் வாங்குகிறார்கள் சார்” என்றான். நான் வாங்கவில்லை. மேலே போய் அவரிடம் சொன்னேன். மூன்றாவது தடவை போனபோதும் அந்த டப்பா அதே இடத்தில் இருந்தது.

போகிறவர்கள் மாத்திரைப் பையை மறக்காதீர்கள். கடைசித் தடவை எனக்கு அடுத்த டோக்கன் களக்காட்டுக்காரர், வெறுங்கையோடு வந்திருந்தார். “வெள்ளை மாத்திரை ஒன்று, ரோஸ் மாத்திரை ஒன்று” என்று வரவேற்பிலேயே சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் மசியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார். காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். அந்தப் பக்கம் அவர் மனைவி அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படிக்க, இந்தப் பக்கம் கூடத்தில் இருந்த நாங்கள் எல்லோருமாகச் சேர்த்துக் கூட்டிச் சொல்ல, வரவேற்புப் பெண் எழுதிக்கொண்டாள். ஐந்தாவது அட்டை வந்தபோது பின்பெஞ்சிலிருந்து முக்கூடல் அம்மா, “அது இரும்பு மாத்திரை அண்ணாச்சி, இடது பக்கம் வைக்கச் சொல்லுங்கள்” என்றார்.